புனித தேவசகாயம்

நட்டாலத்தில் 1712 ஆம் ஆண்டு பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலராய் விளங்கினார். 1741 இல் குளச்சற் போரில் பிடிபட்டுப் பின் அம்மன்னரின் படைக்கே பயிற்சியளித்த டச்சுத் தளபதி டிலனாயின் நட்பால் கிறிஸ்து மறையை அறிந்து, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவியாரும் ஞானப்பூ என்னும் பெயருடன் அவ்வழி நின்றார்.

மேலதிகாரி முகம் சுளித்தாலே உறக்கமிழக்கும் உத்தியோகஸ்தர் நாம். அவரோ அரசரின் சினத்திற்கு ஆளாகி, 1749 இல் சிறைப்பட்டு, எருமைமீது ஏற்றி ஊர்தோறும் இழுத்துச் செல்லப்பட்டு அவமதிக்கப்பட்டும் ஆண்டவருக்குத் தந்த வாக்கினின்று வழுவவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கமானார். நாகர்கோயில் இரயிலில் செல்வோரில் பலர் அவ்வாரல்வாய்மொழி நிலையத்தைக் கடந்தே செல்கின்றனர்.

2022 மே 15 அன்று உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். கணவரை இழந்த ஞானப்பூ அம்மையார், சொந்த ஊர் திரும்பாது, வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து மறைந்தார்.