அடையாறு கண்ட அம்மையார்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

எங்கள் ஊர் திருக்கடையூர். மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் எமனைக் காலால் உதைத்த தலம் என்று பெயர் பெற்றது. அறுபதாம் கல்யாணத்திற்கும் எண்பதாம் கல்யாணத்திற்கும் எங்கெங்கிருந்தோ தம்பதியர் வந்து இறங்கிய வண்ணம் இருக்கிறார்கள். அதே ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. யாருக்கேனும் புற்றுநோய் என்றால் எங்கள் தெருவில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அடையாறு போயிருக்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அடையாறு என்பது சென்னையில் ஒரு பகுதி, மக்கள் குடியிருக்கும் இடம் என்பதை நான் அறிந்ததே கல்லூரிக்கு வந்த பிறகுதான். ஓர் ஊரின் பெயரையே மருத்துவமனையின் பெயராக மாற்றிவிட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தில் தோன்றியவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. தொண்டைமான் மன்னர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் இசைந்தார். நூறாண்டுக்கு முன்பு இப்படிக் கேட்கவும் ஒரு துணிவு வேண்டும். சரி என்று சொல்லவும் ஒரு துணிவு வேண்டும்!

சட்டமன்றப் பணியை எல்லாரும் அறிவார்கள். சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமனம் பெற்று, அதன் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்ற பெருந்தலைவர்களே எதிர்த்தார்கள். அதே நாள்களில் நம் மாயூரத்துப் பக்கம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசிய பேச்சு இதே போராட்டத்தின் மறு கை. காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930-இல் பதவியைத் துறந்தார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல்தான் முழுமையாக நிறைவேறியது. இவற்றைப் பற்றி நூல்கள் பல உள்ளன. நான் எழுத வந்தது வேறு.

1923-ஆம் ஆண்டு அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். மருத்துவம் படித்த அக்காள் அருகில் இருந்தும் காப்பாற்ற இயலவில்லை. பின்னர் 1925-இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். இந்நோய்க்கென்றே தனி மருத்துவமனை அங்கே இருப்பதைக் கண்டார். நம் நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் அவரை விடவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதை மேடையிலேயே வெளியிட்டார்.

கேட்டவர்கள் கைதட்டினார்கள், பணம் வரவில்லை. நாடு விடுதலை பெற்ற பிறகும் அரசின் கதவு எளிதில் திறக்கவில்லை. புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு ஒரு மருத்துவமனை என்று அன்றைய அமைச்சர் ஒருவர் கேட்டதாக டாக்டர் சாந்தா அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அமைச்சரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். காலராவும் காசநோயும் வாட்டிய நாட்டில், கையில் இருந்த காசை எண்ணிப் பார்த்து அவர் பேசியிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பிழை உண்டு. மருத்துவம் இல்லாததால் இறக்கிறார்கள். இறப்பதால் மருத்துவம் வேண்டாம் என்கிறோம். இந்த வட்டத்தை யாராவது ஓரிடத்தில் வெட்டித்தானே ஆக வேண்டும்?

அம்மையார் வெட்டினார். இந்திய மாதர் சங்கத்தின் வழியாக 1949-இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அறுபதைக் கடந்த வயதில் பொதுமக்களிடம் நிதி கேட்டார்; அரசிடமும் கேட்பதை நிறுத்தவில்லை. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள், அடையாற்றில் 12 படுக்கைகளுடன் ஒரு சிறு கட்டடத்தில் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைத் தம் தோளில் தாங்கினார்கள். கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி கனடாவிலிருந்து வந்து 1957-இல் நிறுவப்பட்டது. தஞ்சைத் தரணியில் நாற்று நடும் பெண்ணின் கட்டியைக் கரைக்கக் கடல்கடந்த செல்வ நாடு ஒன்றின் கருவி வந்தது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இதை எழுதும்போது இன்னொரு நோய் நினைவுக்கு வருகிறது. அம்மையார் படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமித் தொற்றைக் கண்டறிந்தார்கள். 1996 அளவில் கூட்டு மருந்துகள் வந்தன. ஓர் ஆளுக்கு ஓராண்டு மருந்துச் செலவு பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் அதை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. அப்போதும் பழைய கேள்வியே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ஆப்பிரிக்க ஏழைகளுக்கு மணி பார்த்து மருந்து சாப்பிடத் தெரியாது என்று அமெரிக்க உதவித் துறையின் தலைவரே பேசினார். நோயாளிகளும் மருத்துவர்களும் விடாமல் வற்புறுத்திய பின்னரே 2002-இல் உலக நிதியம் உருவாயிற்று. செல்வ நாடுகளின் பணம் ஏழை நாட்டு மருந்தாயிற்று. நம் அரசும் 2004 ஏப்ரல் முதல் இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று. 2025-இல் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியைச் சட்டென்று வெட்டியபோது, பல நாடுகளில் மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் திகைத்துப் போனார்கள். அம்மையார் கேட்ட பணத்திற்கும் இந்தப் பணத்திற்கும் அளவில்தான் வேறுபாடு.

அம்மையாருக்கு 1956-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்த நாளுக்கு எட்டு நாள் இருக்கையில், காலமானார். அவர் விட்டுச்சென்ற பணியை 2021-இல் தாம் மறையும் வரை டாக்டர் சாந்தா அம்மையார் அந்த வளாகத்திலேயே குடியிருந்து செய்தார்.

சென்ற ஆண்டு எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் அடையாறு போனார். கருப்பை வாய்ப் புற்று. ஆரம்ப நிலையிலேயே கண்டுகொண்டார்களாம். தை அறுவடைக்குத் திரும்பி வந்துவிட்டார். இப்போது அவரே வாசலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமல், என்ன நோய், என்ன செய்தார்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.