பால் பெர்ட்

பால் பெர்ட் (அக்டோபர் 17, 1833 - நவம்பர் 11, 1886) பிரான்சு நாட்டு உடலியங்கியலாளர், அரசியல்வாதி. உயர்ந்த மலைகளிலும் வளிக்கூண்டுப் பயணங்களிலும் மனிதருக்கு ஏற்படும் நோய்க்குக் காற்றழுத்தக் குறைவு நேரடிக் காரணம் அன்று, ஆக்சிசனின் பகுதியழுத்தக் குறைவே காரணம் என்று நிறுவியவர் இவரே.

வாழ்க்கை

பெர்ட் பிரான்சின் ஓசேர் நகரில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்றார். பின்னர் உடலியங்கியலுக்கு மாறி, புகழ்பெற்ற கிளாடு பெர்னார்டின் மாணவரானார். 1869 இல் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1881-82 இல் கல்வி அமைச்சராக இருந்தார். 1886 இல் இன்றைய வியட்நாமின் பகுதிகளான அன்னாம், தொங்கின் ஆகியவற்றுக்குப் பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் தலைவராக அனுப்பப்பட்டார். சில மாதங்களிலேயே அனோய் நகரில் சீதபேதியால் இறந்தார். இவர் எழுதிய பள்ளிப் பாடநூல்களில் காணப்படும் இனவாதக் கருத்துகள் இன்று கடுமையாகக் கண்டிக்கப்படுகின்றன.

அழுத்த ஆய்வுகள்

மெக்சிக்கோவின் மேட்டுநிலங்களில் பணியாற்றிய மருத்துவர் தெனி சூர்தானே, மலைவாழ் மக்களின் குருதியில் ஆக்சிசன் குறைவாக இருக்கும் எனக் கருதினார். ஆய்வுக்குத் தேவையான அழுத்த அறைகளைப் பெர்ட்டுக்கு அளித்தவரும் அவரே. பெர்ட் குருவிகளை அறையில் வைத்துக் காற்றழுத்தத்தைக் குறைத்தபோது அவை மயங்கின. அதே அழுத்தத்தில் ஆக்சிசனை மிகுத்தபோது தேறின. இயல்பான அழுத்தத்திலும் ஆக்சிசன் குறைந்தால் அதே விளைவே ஏற்பட்டது. பெர்ட் தாமும் அறைக்குள் அமர்ந்து, ஆக்சிசனைச் சுவாசித்தபடி, எவரெசுட்டு உச்சியின் அழுத்தத்தை ஒத்த நிலை வரை சென்றார்.

இவ்வறையில் பயிற்சி பெற்ற குரோசே-இசுப்பினெல்லி, சிவெல் ஆகிய இருவரும் கசுத்தோன் திசாந்தியேயுடன் 1875 ஏப்ரல் 15 அன்று செனித் என்னும் வளிக்கூண்டில் ஏறினர். எடுத்துச்செல்லும் ஆக்சிசன் போதாது என்று பெர்ட் கடிதம் எழுதியிருந்தார். ஏற்பாட்டை மாற்றக் காலம் இருக்கவில்லை. 8,000 மீட்டருக்கு மேலே மூவரும் நினைவிழந்தனர். கைகள் செயலிழந்ததால் அருகிலிருந்த ஆக்சிசன் குழாயைக்கூட அவர்களால் எடுக்க முடியவில்லை. திசாந்தியே மட்டுமே உயிர் பிழைத்தார்.

பெர்ட்டின் முதன்மை நூல் 1878 இல் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களைக் கடந்த அந்நூல், வானூர்திப் போர் நடந்த 1943 இல்தான் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. ஆழ்நீரிலிருந்து விரைந்து மேலேறுவோரின் குருதியில் நைட்ரசன் குமிழிகள் தோன்றுவதையும், மிகையான ஆக்சிசன் வலிப்பை உண்டாக்குவதையும் அது விளக்குகிறது.

குருதியில் ஏற்படும் மாற்றம்

உயரத்தில் வாழும் உயிரினங்களின் குருதி கூடுதல் ஆக்சிசனை ஏற்கக்கூடும் எனப் பெர்ட் ஊகித்தார். பொலிவியாவின் லா பாசிலிருந்து விலங்குகளின் குருதியை வரவழைத்து, 1882 இல் அதை மெய்ப்பித்தார். அது சூர்தானேயின் கருத்துக்கு மாறான முடிவாகும்.

1890 இல் வியோ என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் பெரு நாட்டு மலைச் சுரங்க ஊரான மொரோக்கோச்சாவில் தம் குருதியையே சோதித்தார். மூன்று வாரங்களுக்குள் அதன் சிவப்பணுக்கள் பெருமளவு கூடியிருந்தன. இவ்வேகத்துக்குப் புதிய அணுக்கள் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. உயரத்தை அடைந்த முதல் நாட்களில் அல்டோசுடிரோன் என்னும் இயக்குநீர் (ஹார்மோன்) குறைகிறது. சிறுநீரில் உப்பும் நீரும் கூடுதலாக வெளியேறுகின்றன. குருதியின் நீர்மப் பகுதி குறைவதால், இருக்கும் அணுக்களே செறிவாகின்றன. மலைநோய் கண்டவர்களிடம் பெரும்பாலும் இதற்கு மாறாக உடலில் நீர் தங்குகிறது.

மற்றொருபுறம், ஆக்சிசன் குறைந்த சில மணி நேரத்திலேயே சிறுநீரகம் எரித்துரோபொய்டின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. இது எலும்பு மச்சையைத் தூண்டினாலும், புதிய அணுக்கள் போதிய அளவில் சேர வாரக்கணக்கில் ஆகும். உயிரணுக்கள் ஆக்சிசன் குறைவை எவ்வாறு உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் இராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகியோருக்கு 2019 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.