அழிக்காத மூன்று புள்ளிகள்

எமது பௌதிகவியல் ஆய்கூடத்தில் துரொல்லியில் இழையைக் கட்டி, கப்பியின் மேலாகப் படியொன்றைத் தொங்கவிட்டு ஓடவிட்டோம். நாடாவில் விழுந்த புள்ளிகளை அளந்து வேக-நேர வரைபை வரைந்தேன். முதற் புள்ளிகள் சாய்ந்த நேர்கோட்டில் அழகாக நின்றன. கடைசி மூன்றும் ஏறவில்லை. சற்றே இறங்கியும் இருந்தன. பிழையென்று எண்ணி அழிறப்பரைக் கையிலெடுத்தேன்.

ரீச்சர் தடுத்தார். அந்த நேரத்தில் படி எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டார். அது நிலத்தைத் தொட்டிருந்தது! இழை தளர்ந்ததும் இழுவிசை போய்விட்டது. உராய்வு மட்டுமே மிஞ்சியது. புள்ளிகள் சரி, பிழை என்னுடையது. அன்றிரவு கலீலியோ கலிலியின் வரலாற்றை வாசித்தேன்.

கலீலியோ 1564 ஆம் ஆண்டு இத்தாலியின் பீசா நகரில் பிறந்தார். இசைக்கலைஞரான தந்தை, மகன் வைத்தியராக வேண்டுமென விரும்பினார். மகனின் மனமோ கணிதத்தில் இருந்தது. 1585 இல் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். 1589 இல் அங்கேயே கணிதம் கற்பிக்கத் திரும்பினார்.

நேராக விழும் பொருளின் வேகத்தை அளக்க அக்காலத்தில் கருவி இல்லை. எனவே நீண்ட மரத்துண்டில் தவாளிப்பு வெட்டி, அதைச் சாய்த்து வைத்து, வெண்கலக் குண்டை உருட்டினார். பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை நிறுத்து நேரத்தைக் கணித்தார். சமமான நேர இடைவெளிகளில் குண்டு கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடின. மொத்தத் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம் என்பது தெளிவாயிற்று.

ஆனால் 1604 இல் அதற்குக் காரணம் கூறும்போது தவறினார். கடந்த தூரத்துக்கு விகிதசமமாக வேகம் கூடுகிறது என்று நம்பினார். பின்னர் அதைக் கைவிட்டு, வேகம் நேரத்துக்கே விகிதசமம் என உணர்ந்தார். நேரத்தை ஒரு கோடாகவும் வேகங்களை அதற்குக் குறுக்கான கோடுகளாகவும் வரைந்தார். முக்கோணி ஒன்று உருவாயிற்று. இறுதி வேகத்தின் அரைவாசியை உயரமாகக் கொண்ட செவ்வகமும் அதே பரப்பை உடையது. வரைபின் கீழுள்ள பரப்பே தூரம் என்று நாம் படிப்பதும் இதையொத்ததே.

1610 இல் வியாழனின் நான்கு சந்திரன்களைக் கண்டு புகழ்பெற்றார். ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்துக்காக 1633 இல் உரோமில் விசாரிக்கப்பட்டு, வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். கடிதங்களால் ஆறுதல் தந்துவந்த மூத்த மகள் அடுத்த வருடமே 33 வயதில் இறந்தார். கண்பார்வையும் மங்கி அற்றுப்போனது. அப்படியிருந்தும் இயக்கம் பற்றிய அவரது நூல் 1638 இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் அச்சாகியது. தாமும் சில காலம் அந்தப் பழைய தவறில் இருந்ததை அதில் அவர் மறைக்கவில்லை. 1642 இல் காலமானார்.

எனது செய்முறைக் கொப்பியில் அந்த மூன்று புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன. முதலில் அவற்றைப் பிழையென்று எண்ணியதையும் அவற்றின் கீழே எழுதிவைத்தேன்.