‘படிப்பு வராது’ என ஒதுக்கப்பட்டவர்களுக்கு எழுத்து தந்த டாக்டர்: யார் இந்த மரியா மாண்டிசோரி?

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நாகப்பட்டினம் பஸ் எது, மயிலாடுதுறை பஸ் எது? போர்டைப் பார்த்தா நமக்கு ஒரு நொடியில தெரிஞ்சிடும். கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள 20 வயது இளைஞருக்கோ, அந்த ஒரு சொல்லை அடையாளம் காண முடிந்தால்தான் தனியாக வெளியே போக முடியும். கழிப்பறை, ஆபத்து, மருந்தின் பெயர் என அன்றாடத்துக்குத் தேவையான சொற்களைக் கற்றுத் தருவதே ‘பயன்பாட்டு வாசிப்பு’.

‘இதெல்லாம் இவங்களுக்கு வருமா?’ சுமார் 125 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர் மரியா மாண்டிசோரி.

மனநலக் காப்பகத்தில் தொடக்கம்

இத்தாலியில் 1870-ல் பிறந்தவர். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். வேலைக்காக மனநலக் காப்பகங்களுக்குப் போனபோது, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகள் அங்கே அடைத்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். தொட்டு விளையாட அவர்களிடம் ஒரு பொருள்கூட இல்லை. இவர்களுக்கு மருந்தைவிட முக்கியம் கல்விதான் என்று 1898-ல் டூரின் மாநாட்டில் வாதிட்டார்.

வழி காட்டியது ஒரு பிரெஞ்சுப் புத்தகம். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், 1846-ல், எதுவார் செகேன் பாரிஸில் வெளியிட்டது. அதைக் கையாலேயே இத்தாலியனில் எழுதிப் படித்தார் மாண்டிசோரி.

விரல் வழியே எழுத்து

1900-ல் ரோமில் தொடங்கிய சிறப்புப் பள்ளியின் இணை இயக்குநரானார். அங்கே மர எழுத்துகளைக் கொடுத்து, விரலால் தடவிப் பார்க்க வைத்தார். கண், கை, காது மூன்றும் சேர்ந்து கற்றன. சிலர் மற்ற குழந்தைகளோடு பொதுத்தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே அதிசயம் என்றது. அவருக்கோ வேறு கவலை: சாதாரணக் குழந்தைகள் ஏன் இவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள்?

அந்தக் கேள்விதான் 1907-ல் அவரை ரோமின் ஏழைக் குடியிருப்புக்குக் கூட்டிப் போனது. இன்று கட்டணம் கொழிக்கும் ‘மாண்டிசோரி’ பள்ளிகளின் வேர், காப்பகத்தில் ஒதுக்கப்பட்ட அந்தக் குழந்தைகள்தான்.

அடையாறில் மாண்டிசோரி

1939-ல் சென்னை அடையாறுக்கு ஆசிரியர் பயிற்சி தர வந்தார். போர் காரணமாக ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். 1952-ல் நெதர்லாந்தில் காலமானார்.

இன்று என்ன நிலை?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வி உரிமையை 6 முதல் 18 வயது வரை தருகிறது. மெதுவாகக் கற்பவருக்கு 18 வயதில் பாடம் பாதியில்தான் இருக்கும். அதற்குப் பிறகு பலரின் பாடம் வீட்டைத்தான் நம்பியிருக்கிறது. உங்க வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் தினமும் பார்க்கும் ஐந்து சொற்களோடு தொடங்கலாம். முதல் சொல், அவருடைய பெயராகவே இருக்கட்டும்.