35 வருஷம் ‘இறந்து’ வாழ்ந்த உளவாளி... ரிட்டயர்மென்ட்டுக்காக கார்போ கொடுத்த விலை!

உளவாளி வேலைக்கு ராஜினாமா கடிதம் கொடுக்க முடியுமா? நம்ம சினிமாக்களைக் கேட்டால், முடியவே முடியாது. ரிட்டயர்டு ஏஜென்ட் நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருப்பார், கதவு தட்டப்படும், பரணில் இருந்து பழைய துப்பாக்கி கீழே இறங்கும். ஆனா, நிஜத்தில் ஒருத்தர் இந்த வேலையை மொத்தமாக விட்டுவிட முடிவு செய்து, விட்டும் காட்டினார். எப்படின்னா, 1949-ல் அவர் செத்துப்போனார். ஆப்பிரிக்காவின் அங்கோலாவில், மலேரியா காய்ச்சலில். அப்படித்தான் ஊருக்குச் செய்தி வந்தது.

அவர் பெயர் ஹுவான் புஜோல் கார்சியா. உளவு உலகத்தில் ‘கார்போ’.

1912-ல் பார்சிலோனாவில் பிறந்தவர். கோழி வளர்ப்பு படித்தவர். ஆமாங்க, கோழி! ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இரண்டு தரப்புப் படையிலும் இருந்துவிட்டு, ஒரு தோட்டாகூடச் சுடாமல் வெளியே வந்ததாகச் சொல்லிக்கொள்வார். அந்தப் போர் அவருக்கு மிச்சம் வைத்தது, பாசிஸம், கம்யூனிஸம் இரண்டின் மேலும் வெறுப்பு.

இரண்டாம் உலகப்போர் வந்ததும், உங்களுக்காக உளவு பார்க்கிறேன் என்று மாட்ரிட்டில் பிரிட்டிஷ்காரர்களிடம் போய் நின்றார். யாரும் சீந்தவில்லை. மனுஷன் ரூட்டை மாற்றினார். ஹிட்லர் வெறியர் போல நடித்து ஜெர்மன் உளவுத்துறையில் சேர்ந்தார். அவர்களும் நம்பி, கண்ணுக்குத் தெரியாத மையும் 600 பவுண்டு பணமும் கொடுத்து லண்டனுக்குப் போகச் சொன்னார்கள்.

அவர் போனது போர்ச்சுகலின் லிஸ்பனுக்கு!

அங்கே உட்கார்ந்துகொண்டு, டூரிஸ்ட் கைடு, ரயில் டைம்டேபிள், நூலகத்துப் புத்தகங்கள் இதையெல்லாம் வைத்தே ‘லண்டனில் இருந்து’ ரிப்போர்ட் எழுதினார். பிரிட்டனை அவர் பார்த்ததே இல்லை. கிளாஸ்கோ ஆட்கள் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்வார்கள் என்றுகூட எழுதிவிட்டார். பீரும் விஸ்கியும் குடிக்கிற ஊர் அது! பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கு புரியாததால், செலவுக் கணக்கில் மொத்தம் எவ்வளவு என்று போடாமலேயே அனுப்பினார். ஜெர்மனி இதையும் நம்பியது.

கடைசியில் பிரிட்டனுக்கே இவர் அருமை புரிந்து, 1942-ல் அழைத்துக்கொண்டது. எம்.ஐ.5 அதிகாரி டோமாஸ் ஹாரிஸோடு சேர்ந்து, பிரிட்டன் முழுக்க 27 ஏஜென்ட்கள் தனக்குக் கீழே வேலை பார்ப்பதாக ஜெர்மனியை நம்பவைத்தார். அந்த 27 பேரில் ஒருத்தர்கூட உயிரோடு இருந்த ஆள் கிடையாது. எல்லோருக்கும் பெயர், வேலை, குணம், சம்பளம் எல்லாம் உண்டு. சம்பளம் கொடுத்தது ஜெர்மனி.

இதில் லிவர்பூல் ஏஜென்ட் கதையைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் இருந்து பெரிய கப்பல் படை கிளம்பப் போகிறது. அங்கே ஒரு ‘ஏஜென்ட்’ இருந்தால் ஜெர்மனிக்குச் சொல்லியாக வேண்டுமே? அதனால் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பிறகு செத்தே போனார். உள்ளூர் பத்திரிகையில் இரங்கல் விளம்பரம்கூட வந்தது. பிறக்காத அந்த மனிதரின் ‘விதவை’க்கு ஜெர்மனி பென்ஷன் கொடுத்தது.

1944 ஜூன் 6. நேசநாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டியில் இறங்கின. மூன்று நாள் கழித்து கார்போ அனுப்பிய செய்தி, நார்மண்டி வெறும் கண்கட்டு, நிஜத் தாக்குதல் கலே பக்கம்தான் வரும் என்றது. ஜெர்மனி அதை நம்பி, ஜூலை தாண்டியும் தன் படைப்பிரிவுகளைக் கலே பக்கமே நிறுத்திவைத்தது. அந்த வருஷம் ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை விருது கொடுத்தது. அதே வருஷம் பிரிட்டன் எம்.பி.இ பட்டம் கொடுத்தது. இரண்டு எதிரிகளிடமும் பதக்கம்!

பெரும்பாலும் கார்போ கதையை இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடுவார்கள். எனக்கு அவர் மனைவி அராசெலிதான் உறுத்துகிறார்.

ஆரம்பத்தில் இந்த ஆட்டத்தில் கணவருக்குத் துணை நின்றவர் அவர். ஆனா லண்டன் வந்த பிறகு பாஷை புரியாத ஊர், யாருடனும் பழகக்கூடாது, அம்மாவைப் பார்க்கக்கூட ஸ்பெயின் போகமுடியாது. 1943-ல் பொறுக்கமுடியாமல், ஸ்பெயின் தூதரகத்தில் போய் எல்லாத்தையும் போட்டு உடைத்துவிடுவேன் என்று மிரட்டினார். புஜோல் என்ன செய்தார் தெரியுமா? உன்னால் என்னைக் கைது செய்துவிட்டார்கள் என்று மனைவியை நம்பவைக்க அவரே ஒரு பிளான் போட்டார். அராசெலியின் கண்ணைக் கட்டி சிறை முகாமுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே கைதி உடையில் கணவர். அழுது உடைந்துபோன அராசெலி, இனி வாயே திறக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார்.

ஹிட்லரை ஏமாற்றிய அதே டெக்னிக், வீட்டுக்குள்ளேயும். இந்த வேலையை விட்டாலும் இந்தக் கை சும்மா இருக்குமா?

போர் முடிந்தது. எம்.ஐ.5 15,000 பவுண்டு கொடுத்தது. புஜோல் வெனிசுலாவுக்குப் போனார். அராசெலி பிள்ளைகளோடு ஸ்பெயினுக்குத் திரும்பினார். தப்பிப் பிழைத்த நாஜிகள் பழிவாங்க வருவார்களோ என்ற பயம் புஜோலை விடவில்லை. 1949-ல் எம்.ஐ.5 உதவியோடு அங்கோலா ‘மரணம்’ நடந்தது.

இப்போ அந்த லிவர்பூல் ஏஜென்டை நினைத்துப் பாருங்கள். தேவை முடிந்ததும் நோய், மரணம், ஊருக்குச் செய்தி. ஃபார்முலா அதேதான். ஒரே வித்தியாசம், லிவர்பூல்காரருக்குப் பிள்ளைகள் கிடையாது. வேலையை விட அவருக்குத் தெரிந்த ஒரே வழி, அந்த வேலையையே இன்னொரு தடவை செய்வதுதான். அந்தக் கடைசி ஆபரேஷன் மட்டும் 35 வருஷம் ஓடியது.

மரகைபோ ஏரிக்கரையில் லகுனில்லாஸ் என்ற எண்ணெய் ஊர். அங்கே புத்தகங்களும் பரிசுப்பொருள்களும் விற்கும் கடை நடத்தினார். மறுபடி கல்யாணம், பிள்ளைகள். ஸ்பெயினில் அராசெலியும் வேறு கல்யாணம் செய்துகொண்டார். கடைக்கு வந்தவர்களில் யாருக்கும், கல்லாவில் இருக்கிற இவர் யாரென்று சந்தேகம் வந்திருக்காது.

பிறகு எப்படி மாட்டினார்? பிரிட்டிஷ் எழுத்தாளர் நைஜல் வெஸ்ட், கார்போ உண்மையில் யார் என்று வருஷக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார். ஹுவான் அல்லது ஹோசே கார்சியா என்ற அளவுக்கு முதலில் துப்புக் கொடுத்தவர் ஆன்டனி பிளன்ட். எம்.ஐ.5-க்குள் இருந்துகொண்டே சோவியத்துக்கு உளவு பார்த்தவர்! 1984-ல் முழுப்பெயர் கிடைத்தது. உடனே பார்சிலோனா டெலிபோன் டைரக்டரியில் இருந்த ஜே. கார்சியாக்களுக்கு ஒவ்வொருவராக போன் போட ஆரம்பித்தார்கள். கூகுள் இல்லாத காலம். ஒரு உறவினர் சிக்கினார். அந்த வருஷம் மே மாதம், நியூ ஆர்லியன்ஸில் வெஸ்ட் முன்னால் வந்து உட்கார்ந்தார் கார்போ. வயது 72.

அடுத்த சில நாள்களில் பக்கிங்ஹாம் அரண்மனையில் மரியாதை. ஜூன் 6 அன்று, 40-வது ஆண்டு நிறைவுக்கு நார்மண்டி போய் வீரர்களின் கல்லறைகளுக்கு நடுவே நின்றார். அங்கே அவர் கலங்கிப்போனதாகக் கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஸ்பெயின் பிள்ளைகள் அப்பா உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொண்டதும் இந்த 1984-ல்தான். பார்சிலோனாவில் சந்தித்தார்கள். அப்பா போகும்போது சின்னஞ்சிறுசுகளாக இருந்தவர்கள், இப்போது நாற்பதைத் தொட்டவர்கள். நாஜி பயம் நியாயமானதுதான். ஆனாலும், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கடிதமாவது போட்டிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஜெர்மனிக்கு 315 கடிதம் எழுதிய கை அது.

அதற்கப்புறம் நாலு வருஷம், எதையும் மறைக்கத் தேவையில்லாமல் சொந்தக் கதையோடே வாழ்ந்தார் புஜோல். 1988 அக்டோபரில் கராகஸில் இறந்தார். வெனிசுலாவின் கடலோரக் கிராமமான சொரோனியில் அவர் கல்லறை இருக்கிறது. இந்தத் தடவை நிஜமாகவே.