எலிகளுக்குக் கணக்கெழுதிய கோடீஸ்வரர்

வாழ்க்கை வரலாறு என்றால் காந்தி, காமராஜர், மேரி கியூரி என்று எல்லோரையும் நம் சுவரிதழில் எழுதியாச்சு. இந்த மாதம் ஒரு பெரிய பணக்காரரைப் பற்றி எழுதுகிறேன். பணக்காரர் என்றால் சும்மா இல்லை, பிரிட்டனிலேயே முதல் பணக்காரர் என்று பேசப்பட்டவர். அவர் வாழ்நாள் முழுக்க என்ன செய்தார் தெரியுமா? எலிகளைப் பிரித்து அடுக்கினார்! சிரிக்காதீங்க, முழுசா படிங்க.

அவர் பெயர் சர் ஜான் எல்லர்மன். 1909 டிசம்பர் 21-ல் பிறந்தார். அப்பாவுக்கும் அதே பெயர்தான். அப்பா கப்பல் முதலாளி. அவர் கம்பெனிக் கப்பல்கள் இந்தியாவுக்கும் வந்து போயின. 1933-ல் அப்பா இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து 3 கோடியே 60 லட்சம் பவுனுக்கும் மேல். அதுவரை பிரிட்டனில் யாரும் அவ்வளவு சொத்தை விட்டுச் சென்றதில்லை. மகனுக்கு அப்போது வயது 23.

பையன் பள்ளிக்கூடத்திலேயே ஒரு மாதிரிதான். விடுதிப் பள்ளி வாழ்க்கை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அங்கே நடக்கும் கொடுமைகளை ஒரு நாவலாகவே எழுதி, 1927-ல் வேறு பெயரில் வெளியிட்டுவிட்டார். அப்போது 17 வயதுதான்! (நம்ம பள்ளியில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள் என்று நம்புகிறேன், சார்.)

கப்பல் கம்பெனி அது பாட்டுக்கு ஓடியது. இவர் மனசு மட்டும் லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருந்தது. அங்கே பெட்டி பெட்டியாக எலித் தோலும் மண்டையோடும் இருந்தன. உலகத்திலுள்ள பாலூட்டி இனங்களில் 100-க்கு 40 கொறிக்கும் விலங்குகள்தான். எலி, அணில், முள்ளம்பன்றி எல்லாம் இதில் சேர்த்தி. ஆனால் கணக்கு ஒரே குழப்பம். ஒருவர் ஒரு மலையில் ஒரு எலியைப் பிடித்து ஒரு பெயர் வைப்பார். அடுத்த மலையில் இன்னொருவர் அதே எலிக்கு வேறு பெயர் வைப்பார். எது புது எலி, எது பழைய எலின்னு யாருக்கும் தெரியாது. எல்லர்மன் உட்கார்ந்து மண்டையோடு மண்டையோடாக, பல் பல்லாகப் பார்த்தார். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு. இரண்டாம் உலகப் போர் நடக்கும்போதே 1940-லும் 1941-லும் அவருடைய கொறிவிலங்குப் புத்தகத்தின் முதல் இரண்டு பாகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 700 பக்கம். மூன்றாம் பாகம் 1949-ல் வந்தது. அதில் திருத்தங்களும் உண்டு. தன் தப்பைத் தானே திருத்தி அச்சில் போட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இதில் மண்ணுக்குள் வாழும் எலிகள்தான் பெரிய தலைவலி. ஏன்னா, வளைக்குள்ளேயே வாழ்ந்தால் எல்லாம் ஒரே அச்சாக ஆகிவிடும். கண் சிறுத்துவிடும், காது மடல் மறைந்துவிடும், வால் குட்டையாகிவிடும். ஆப்பிரிக்காவின் மோல் எலி முன்பல்லாலேயே மண்ணைத் தோண்டும். மண் வாய்க்குள் போகாமல் இருக்க உதடு பல்லுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும்! அமெரிக்காவின் கோஃபருக்குக் கன்னத்துக்கு வெளியே மயிர் வைத்த பை உண்டு, இரையை அதில் திணித்துக்கொண்டு ஓடும். குருட்டு மோல் எலிக்குக் கண் தோலுக்கு அடியில் புதைந்தே இருக்கிறது. பார்க்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் சொந்தம் கிடையாது. 1956-ல் உலகத்தின் நிலத்தடிப் பாலூட்டிகளைப் பற்றி எல்லர்மன் தனிக் கட்டுரையே எழுதினார்.

தேவையில்லாத பெயர்களைக் குறைத்து ஒன்றாகச் சேர்ப்பதுதான் அவர் வழக்கம். குப்பையைக் கூட்ட அது உதவியது. ஆனால் சில இடங்களில் அதிகமாகவே சேர்த்துவிட்டார் என்று பிறகு வந்தவர்கள் மறுபடி பிரித்தார்கள். மண்ணடி எலிகளை வெளித்தோற்றம் மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. இஸ்ரேலில் ஒரே மாதிரி தெரிந்த குருட்டு மோல் எலிகளின் குரோமோசோம்களை எண்ணினால் 52, 54, 58, 60 என்று நான்கு வகை! 2001-ல் அவற்றை நான்கு தனி இனங்களாகப் பெயரிட்டார்கள். எனக்கு இதில் ஒரு பயம்தான். நாலு எலிக்கு ஒரே பெயர் இருந்து, அதில் ஒன்று மட்டும் அழிந்து போனால் யாருக்குத் தெரியும்? மீதி மூன்றைப் பார்த்து, இன்னும் இருக்குதேன்னு விட்டுவிடுவார்களே!

இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். சேலம் மாவட்டம் குரும்பப்பட்டியில் கிடைத்த ஒரு எலியை எல்லர்மன் 1946-ல் புது இனம் என்று அறிவித்தார். எல்விரா எலி என்று அதற்குப் பெயர். பாறையும் புதரும் நிறைந்த காட்டில் வளையில் இருக்கும், இரவில்தான் நடமாடும். உலகத்தில் வேறெங்கும் அதைக் கண்டதாகப் பதிவு இல்லை. 1961-ல் இந்திய விலங்குகள் வரிசையில் கொறிவிலங்குகள் பகுதியையும் எல்லர்மனே எழுதினார்.

1973 ஜூலை 17-ல் அவர் காலமானார். விட்டுச்சென்றது 5 கோடி பவுனுக்கும் மேல். அப்பாவின் சாதனையை மகனே முறியடித்துவிட்டார். அவர் தொடங்கி வைத்த அறக்கட்டளை இன்றும் நன்கொடை கொடுக்கிறது.

அவர் இறப்பதற்கு முந்தின வருடம், 1972-ல், நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் ஐந்தாவது அட்டவணை தீங்கு செய்யும் பிராணிகளுக்கானது. காக்கையோடு எலியும் அதில் இருந்தது. என்ன எலி என்று பிரிக்கவில்லை, மொத்தமாக எலி. வயலில் நெல்லைத் தின்னும் எலியும், குரும்பப்பட்டிப் பாறை இடுக்கில் ஒளிந்து வாழும் எல்விரா எலியும் சட்டத்துக்கு ஒன்றுதான்! ஆராய்ச்சியாளர்களோ அதே எல்விரா எலியை மிக ஆபத்தான நிலையில் இருக்கும் இனம் என்று உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரே பிராணி, ஒரு பட்டியலில் கொல்லலாம், இன்னொன்றில் காப்பாற்றணும். 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்த ஐந்தாவது அட்டவணை எடுக்கப்பட்டது. எல்லர்மன் பெயர் வைத்து 76 வருடம் ஆகியிருந்தது.

(எலிப் படம் நானே வரைந்தது. வால் தாளை விட்டு வெளியே போய்விட்டது, மன்னிக்கவும்.)