பாறைக்கு வயது சொன்ன ஆர்தர் ஹோம்ஸ்

நான்கு கால் உயிரினங்கள் நீரைவிட்டு நிலத்துக்கு வரத் தொடங்கியது ஏறக்குறைய 370 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு என்று படிக்கிறோம். இந்த எண்ணை யார், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று அறிவியல் போதிக்கும் என்னிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். நான் முதலில் சொல்லும் பெயர் ஆர்தர் ஹோம்ஸ்.

ஹோம்ஸ் 1890 ஜனவரி 14இல் இங்கிலாந்தின் வடகிழக்கே, கேட்ஸ்ஹெட் நகரை ஒட்டிய ஹெப்பர்னில் பிறந்தார். எளிய குடும்பம், ஒரே பிள்ளை. 1907இல் ஆண்டுக்கு 60 பவுன் உதவித்தொகையுடன் லண்டனுக்கு இயற்பியல் படிக்கச் சென்றார். அந்தத் தொகை சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்குமே போதவில்லை. அங்கே புவியியல் வகுப்பு ஒன்றில் அமர்ந்தவர், அதிலேயே மனத்தைப் பறிகொடுத்தார். வேலை கிடைப்பது கடினம் என்று ஆசிரியர்கள் தடுத்தும் அவர் கேட்கவில்லை.

அக்காலத்தில் பூமியின் வயது பற்றிப் பெரிய சர்ச்சை நடந்துகொண்டிருந்தது. பூமி குளிர்ந்துவரும் வேகத்தை வைத்து அதன் வயது 20 முதல் 40 மில்லியன் ஆண்டுகள்தான் என்று கெல்வின் பிரபு கணித்திருந்தார். உயிர்களின் பரிணாமத்துக்கு அது போதாது என்று புவியியலாளர்கள் தவித்தார்கள். கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் ஒரு புதிய வழி திறந்தது. யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாக மாறுகிறது. அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 4,470 மில்லியன் ஆண்டுகள் ஆகும். வெயிலோ மழையோ அழுத்தமோ அந்த வேகத்தை மாற்றுவதில்லை. அப்படியானால், ஒரு கனிமத்தில் யுரேனியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அளந்தால் அது உருவான காலம் தெரியும்.

ஆசிரியர் ஸ்ட்ரட்டின் வழிகாட்டலில் ஹோம்ஸ் நார்வே நாட்டுக் கனிமங்களை எடுத்துக்கொண்டார். அவற்றைப் பொடியாக்கி, உருக்கி, கரைத்து, மிகச் சிறிய அளவுகளைத் திரும்பத் திரும்ப அளந்தார். டெவோனியன் காலத்தது என்று அன்று கருதப்பட்ட அந்தப் பாறைக்கு 370 மில்லியன் ஆண்டுகள் என்று விடை கிடைத்தது. அதே கட்டுரையில் இலங்கையின் கனிமத்துக்கு 1,640 மில்லியன் ஆண்டுகள் என்று காட்டினார். கெல்வின் சொன்னதைவிட அது நாற்பது மடங்குக்கும் அதிகம். அப்போது அவருக்கு வயது 21.

அந்த நார்வே பாறை உண்மையில் டெவோனியனைவிட இளையது என்பது பின்னாளில் தெரியவந்தது. ஐசோடோப்புகளைப் பற்றி அறியாத காலம் அது. எல்லா ஈயத்தையும் ஒன்றாகவே அளக்க முடிந்தது. விடை திருத்தப்பட்டாலும் வழிமுறை நிலைத்துவிட்டது. மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது என்று நான் நினைக்கிறேன்.

1911 ஏப்ரலில் அந்தக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டபோது ஹோம்ஸ் அங்கே இல்லை. கடனை அடைக்க, மாதம் 35 பவுன் சம்பளத்துக்குக் கனிமம் தேடி மொசாம்பிக் போயிருந்தார். அங்கே மலேரியாவில் விழுந்து, இறந்துவிட்டார் என்று வீட்டுக்குச் செய்தி போகும் அளவுக்கு நிலைமை மோசமானது. பிழைத்துத் திரும்பி, 1913இல் பூமியின் வயது பற்றிய தம் முதல் நூலை வெளியிட்டார்.

1920இல் மீண்டும் பணத் தேவை. பர்மாவில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் தலைமைப் புவியியலாளராகச் சேர்ந்தார். நிறுவனம் நொடித்தது. உடன் வந்த மூன்று வயது மகன் வயிற்றுக்கடுப்பு கண்டு இறந்தான். ஊர் திரும்பியவர் கையில் காசில்லை. சிறிது காலம் நியூகாசலில் கீழைநாட்டுக் கைவினைப் பொருள்கள் விற்கும் கடை நடத்தினார். 1924இல் டர்ஹம் பல்கலைக்கழகம் அழைத்தபோதுதான் ஆய்வு வாழ்க்கை மீண்டும் தொடங்கியது. 1943இல் எடின்பரோவில் பேராசிரியரானார். 1960இல் அவர் திருத்தி வெளியிட்ட கால அட்டவணை, டெவோனியன் காலத்தை 400 முதல் 350 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு என்று வைத்தது. இன்றைய கணக்கு 419 முதல் 359 வரை.

கிரீன்லாந்தில் கிடைத்த இக்தியோஸ்டெகா போன்ற தொடக்ககால நான்கு கால் உயிரினங்கள் இந்தக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அவை புதைந்திருப்பது படிவுப் பாறையில். அதிலுள்ள மணல்துகள் வேறெங்கோ பழைய பாறையிலிருந்து வந்தது என்பதால், அதை அளந்தால் படிவின் வயது தெரியாது. ஆகவே மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் அடுக்கைத் தேடி, அதிலுள்ள சிர்கான் படிகங்களை அளக்கிறார்கள். சாம்பல் கிடைக்காத இடத்தில், அங்குள்ள மீன், வித்துத்தூள் புதைபடிவங்களை வயது தெரிந்த வேறோர் இடத்தின் அடுக்குகளோடு ஒப்பிடுகிறார்கள்.

நம் பேராக்கிலும் இதைக் காணலாம். சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மோர் வழியாக ஈப்போ போகும்போது தெரியும் சுண்ணாம்புக் குன்றுகள் பழங்காலக் கடலடியில் உருவானவை. கம்பாருக்கு மேற்கே, வெள்ளீய லம்பங்களில் வெளிப்பட்ட சுண்ணாம்புப் பாறைகளில் டெவோனியன் முதல் பெர்மியன் வரையிலான கடலுயிர்ப் படிவங்கள் இருப்பதைப் புவியியலாளர் சுந்தரலிங்கம் 1968இல் எழுதினார். தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் அந்தச் சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு எழுந்தது. எனவே சுண்ணாம்பு மூத்தது, கருங்கல் இளையது. எத்தனை ஆண்டு இளையது என்று எண்ணில் சொல்ல, கருங்கல்லில் உள்ள சிர்கானை அளக்க வேண்டும். விடை 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல். நம் தாத்தா பாட்டி காலத்தில் கிந்தா பள்ளத்தாக்கை வளமாக்கிய வெள்ளீயமும் அந்தக் கருங்கல் தந்ததே.

1956இல் வொல்லாஸ்டன் பதக்கமும் 1964இல் வெட்லசன் பரிசும் ஹோம்ஸைத் தேடி வந்தன. 1965 செப்டம்பர் 20இல் லண்டனில் காலமானார். கடன், நோய், மகனின் மரணம் என எது வந்தும் அவர் கைவிடாத ஒரே கேள்வி பாறையின் வயது. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்து என்ன படிப்பது என்று யோசிக்கும் மாணவர்கள், புவியியல் துறையையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நம் மாநிலத்துக் குன்றுகளில் அளக்க வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன.